ஒருமனதாக நீக்கப்பட்டது

அந்தச் சட்டசபையில் வார்த்தை தவறாத ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு ஓட்டுப் போட்டு யாரும் அனுப்பவில்லை, பரிட்சை எழுதி வேலைக்கு வந்தவள். பேரவைத் தலைவரின் மேடைக்குக் கீழே, அரைவட்ட மேஜையில், தலை நிமிராமல் உட்கார்ந்து உறுப்பினர்கள் பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுப்பாள். ஒருத்தருக்கு ஒரு முறைக்குப் பத்து நிமிஷம். அடுத்த ஆள் வந்து பக்கத்து நாற்காலியில் எழுதத் தொடங்கியதும் சத்தமில்லாமல் எழுந்து, மாடியறைக்குப் போய், எடுத்ததைத் தட்டச்சு செய்துவிட்டு, மறுபடியும் கீழே இறங்கி வர வேண்டும். யார் யாரைத் திருடன் என்றாலும், யார் யாருக்காகக் கண்ணீர் விட்டாலும் அவள் முகம் மாறாது. காது கேட்டதைக் கை எழுதும். மனசுக்கு அங்கே வேலை கிடையாது என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அண்ணன் அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவான். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அண்ணன் பஸ் டிரைவர். அவன் வண்டியின் கண்டக்டர்தான் தொழிற்சங்கத்தின் பேச்சாளர். ஓடும் பஸ்ஸில் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவனுக்கு. மைக் இல்லாமலே டிப்போ முழுக்கக் கேட்கும். சின்னவள் அப்போது சுருக்கெழுத்துப் பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை வேகம் வர வேண்டும். பயிற்சிக்கு அவ்வளவு வேகமாக யார் பேசுவார்கள்?

"எங்க கண்டக்டர் இருக்கானே, மூச்சே விடாம பேசுவான். வந்து எழுதிப் பாரேன்" என்று அண்ணன் ஒருநாள் அவளைச் சங்க அறைக்குக் கூட்டிப்போனான்.

டிப்போவுக்குப் பின்னால், பழைய டயர்கள் அடுக்கிய அறை அது. ஒரு மூலையில் உட்கார்ந்து அவள் எழுதினாள். கூட்டம் முடிந்ததும் கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தான். "என்னங்க இது, கோழி கிளறின மாதிரி இருக்கு? நான் பேசினதா இது?" என்றான். அவள் அதை அப்படியே படித்துக் காட்டினாள். ஏற்ற இறக்கத்தோடு, எங்கே கைதட்டினார்கள் என்பதுவரை. அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். அடுத்த கூட்டத்திலும் வந்து, "கொஞ்சம் படிச்சுக் காட்டேன்" என்றான். அதற்கடுத்ததிலும். அவள்மேல் ஆசைப்பட்டானா, அவள் குரலில் வரும் தன் பேச்சின்மேல் ஆசைப்பட்டானா என்று கேட்டால், அன்றைக்கு அவனுக்கே தெரிந்திருக்காது. அவளுக்கோ அந்தச் சந்தேகமே வரவில்லை. இருபத்திரண்டு வயசு. காதலிக்கும் ஆள் சொல்வதையெல்லாம் ஒரு சொல் விடாமல் நம்பவும், எழுதி வைத்துக்கொள்ளவும் ஏற்ற வயசு.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்தானாம். "அவன் பேச்சை வாழ்நாள் பூரா கேட்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். அது என் தங்கச்சி தலையிலதான் விடியணும்னா விடியட்டும்."

கல்யாணத்தை ஸ்டிரைக் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

ஸ்டிரைக்கின் பதினேழாம் நாள் காலையில் டிப்போ வாசலில் போலீஸ் இறங்கியது. அண்ணனையும் கண்டக்டரையும் இழுத்துக்கொண்டுபோய் டிப்போவிலேயே பக்கத்துப் பக்கத்து அறைகளில் அடைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அண்ணனை ஸ்டிரெச்சரில் கொண்டுவந்தார்கள். மாரடைப்பு என்று சர்டிபிகேட் வந்தது. ஓடிப் பிடித்து விளையாடும் வயசில் ஒரு பெண் குழந்தையும், தையல் மெஷினில் பாதி தைத்த சட்டையுமாக நின்றாள் அண்ணி. விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு போலீஸ்காரர் நடுவில், கண்டக்டர் உடலைப் பார்க்க வந்தான்.

"நடுவுல இருந்த ஜன்னல் வழியா பாத்தேன் அண்ணி" என்றான். "எல்லாத்தையும் பாத்தேன். அடிச்ச அந்த ஆபீசர் மூஞ்சி செத்தாலும் மறக்காது. நாம ஆட்சிக்கு வந்த அன்னிக்கே விசாரணை. முதல் கையெழுத்து அதுதான். இது சத்தியம்."

அண்ணி அழவில்லை. "சரி தம்பி" என்றாள்.

அவன் ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தான். ஆகவே கல்யாணம், வெளியே வந்ததும். வெளியே வந்தபோது கட்சி அவனைத் தூக்கிக்கொண்டாடியது. ஊர் ஊராகப் பேச அனுப்பியது. ஆகவே கல்யாணம், தேர்தல் முடிந்ததும். அந்தத் தேர்தலில் தோற்றார்கள். ஆகவே அடுத்த தேர்தல். இதற்கிடையில் சின்னவள் பரிட்சையில் முதலாவதாகத் தேறிச் சட்டசபையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் சாவைப் பற்றி வருஷத்துக்கு ஒரு முறை எதிர்க்கட்சி கேள்வி கேட்கும். அப்போதைய மந்திரி எழுந்து, "பலப்பிரயோகம் எதுவும் நடந்ததாகப் பதிவு இல்லை, சம்பந்தப்பட்ட ஓட்டுநர் மாரடைப்பால் இயற்கை மரணமடைந்தார்" என்று படிப்பார். சின்னவள் எழுதுவாள். நாலைந்து வருஷத்தில் அந்த வாக்கியத்தைக் கண்ணை மூடிக்கொண்டே எழுதுமளவுக்குக் கை பழகிவிட்டது.

அண்ணிக்கும் கட்சியில் ஒரு உத்தியோகம் கிடைத்தது. தியாகியின் மனைவி என்ற உத்தியோகம். வருஷா வருஷம் அண்ணன் செத்த நாளில் கூட்டம் போட்டு, அவளை மேடையில் கட்சித் தலைவருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். அவள் பேச வேண்டியதில்லை. கேமரா வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டால் போதும். "கண்ணு வறண்டு கிடக்கு, வெங்காயமாவது வெச்சிருக்கலாம் உங்க கட்சி" என்று திரும்பி வந்து சின்னவளிடம் முணுமுணுப்பாள். ஆனாலும் போவாள். விசாரணை என்று ஒன்று வரும் இல்லையா.

எட்டாவது வருஷம் கட்சி ஜெயித்தது. கண்டக்டர் போக்குவரத்து மந்திரியானான். மந்திரியான பின்னும் எல்லோரும் அவனைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். அதில் அவனுக்கும் பெருமைதான், ஓட்டு விழும் பட்டம் அது. பதவியேற்பு மேடையில் அண்ணிக்கு மூன்றாம் வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு, "யார் இது? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கே" என்று அண்ணி பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். அன்றைக்கு டிப்போவில் படையோடு இறங்கிய ஆபீசர்தான் அவர். ஓய்வு பெற்று, தேர்தலுக்கு ஆறு மாசம் முன்னால் கட்சியில் சேர்ந்து, சீட்டு வாங்கி, பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். கட்சியில் சேர்ந்தவர்கள் சேர்ந்த தேதிக்கு முன்னால் செய்தது எதுவும் செய்ததாக ஆகாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

முதல் கையெழுத்து வேறு எதற்கோ போட்டார்கள்.

ஒரு மாசம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்டக்டர் வீட்டுக்கு வந்தான். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் டம்ளரைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ஒரு விஷயம் சொல்லணும். தலைவரோட தங்கச்சி பொண்ணு இருக்கில்ல... எனக்குன்னு கட்சி முடிவு பண்ணிடுச்சு."

சின்னவளுக்குச் சட்டென்று புரியவில்லை. அவன் பேச்சு ஒன்று அவளுக்குப் புரியாமல் போனது அதுதான் முதல் தடவை.

"என்ன முடிவு?"

"கல்யாணம்."

"கட்சியா தம்பி குடும்பம் நடத்தப்போகுது?" என்றாள் அண்ணி.

"அண்ணி, நான் இவளைக் கட்டிக்க மாட்டேன்னா சொன்னேன்? சூழ்நிலை அப்படி. இப்ப நான் உள்ள இருந்தாதான் நம்ம விஷயத்தை நகர்த்த முடியும். விசாரணைக்காகத்தான் இதையே ஒத்துக்கிட்டேன்."

"ஓ, அவர் செத்ததுக்கு விசாரணை வேணும்னா நீங்க வேற பொண்ணைக் கட்டிக்கணும். புரியுது, புரியுது" என்று அண்ணி டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து வருஷமாக மற்றவர்கள் பேசுவதையே எடுத்துப் பழகிய சின்னவளுக்குத் தன் முறை வந்தபோது வாய் வரவில்லை. முப்பத்திரண்டு வயசில் ஒரு பெண் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் அழுதாள் என்பதோடு அதை விட்டுவிடலாம்.

பொய்யன், போகட்டும், என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். பொய்யனை மறப்பது சுலபம் என்று கேள்விப்பட்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அது கைகூடியும் வந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி சபைக்கு வந்தது. டிப்போ மரணத்துக்கு விசாரணை எப்போது? கேட்டவர் பழைய மந்திரி. இத்தனை வருஷம் மாரடைப்பு, மாரடைப்பு என்று படித்துவந்த அதே மனிதர். எதிர்வரிசைக்கு மாறியதும் அவருக்கு அண்ணன்மேல் பாசம் பொங்கிவிட்டது. ஊழியர்களுக்குத் தரும் அனுமதிச் சீட்டில் ஒன்றை வாங்கி, சின்னவள் அண்ணியைப் பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்தாள். "கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது அண்ணி" என்று மூன்று முறை சொன்னாள்.

"மூச்சு விடலாம்ல?" என்றாள் அண்ணி.

கேள்வி நேரத்தில் அது வந்தபோது மேஜையில் சின்னவளின் முறை. கண்டக்டர் எழுந்தான். கையில் இலாகா தயாரித்த தாள்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, பலப்பிரயோகம் எதுவும் நடந்ததாகப் பதிவு இல்லை. சம்பந்தப்பட்ட ஓட்டுநர் மாரடைப்பால் இயற்கை மரணமடைந்தார்."

ஒரு எழுத்து மாறவில்லை. ஆட்சி மாறியதை இலாகாவுக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது. சின்னவளின் பென்சில் பழகிய தடத்தில் ஓடி நின்றது. மேலே மாடத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

பழைய மந்திரி துணைக்கேள்விக்கு எழுந்தார். துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "அந்த ஏழை மெக்கானிக்கின் ரத்தத்துக்கு இந்த அரசு என்ன பதில் வைத்திருக்கிறது? ஒரு அப்பாவி மெக்கானிக்கின் குடும்பம்..."

"மெக்கானிக் இல்லய்யா, டிரைவர்!"

கண்டக்டரின் குரல்தான். தாளை வீசிவிட்டிருந்தான். மைக் தேவைப்படாத பழைய குரல். "என் வண்டி டிரைவர்! உங்க போலீஸ்தான் அவனை அடிச்சுக் கொன்னுது. பக்கத்து ரூம்ல இருந்து நான் பாத்தேன். அடிச்ச ஆள் இதோ, எனக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கான்!"

சபையே உறைந்துபோனது. சின்னவளின் கை மட்டும் நிற்கவில்லை. டயர் வாசனை வீசும் அறையில் எழுதியதுபோல, விரல் பறந்தது. அந்தச் சில நொடிகள், எட்டு வருஷக் காத்திருப்பும், ஞாயிற்றுக்கிழமை டம்ளரும், தலைவரின் தங்கை மகளும் எதுவும் இல்லை. அவன் பேசினான், அவள் எழுதினாள், அவ்வளவுதான் உலகம்.

அப்போது மாடத்திலிருந்து அண்ணியின் குரல், தெளிவாக, கொஞ்சம்கூட நடுங்காமல் கேட்டது: "இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி!"

அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். காவலர்கள் அண்ணியை வெளியே கூட்டிப்போனார்கள். பேரவைத் தலைவர் கால்மணி நேரம் சபையை ஒத்திவைத்தார். மறுபடி கூடியபோது கண்டக்டர் எழுந்து, "உணர்ச்சிவசப்பட்டுக் கூறிய சொற்களைத் திரும்பப் பெறுகிறேன்" என்றான், தரையைப் பார்த்தபடி. பின்வரிசையில் ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய மந்திரி விட்டுவிடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் 'உங்க போலீஸ்' என்ற சொல் அவரையும் சுட்டிருந்தது. அவரும் எழுந்து, அமைச்சர் பேசியதை அவைக்குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றார். ஆளுங்கட்சி ஆமாம் என்றது. எதிர்க்கட்சி ஆமாம் என்றது. அந்தக் கூட்டத்தொடரில், விலைவாசி, வெள்ளம், பள்ளிக்கூடம் என்று எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அது.

சின்னவள் மாடியறைக்குப் போய்த் தட்டச்சு செய்தாள். உத்தரவுப்படி நீக்கினாள். இருபத்திரண்டு வார்த்தை. அந்த இடத்தில் மூன்று நட்சத்திரம் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவன் வந்தான். அரசாங்கக் கார் சந்துக்குள் நுழையாததால் முனையில் இறங்கி நடந்து வந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம்கூட இருந்தது, பரிட்சை எழுதிவிட்டு வந்தவன்போல.

"கேட்டியா?" என்றான் சின்னவளிடம். "உனக்காகத்தான் சொன்னேன். எத்தனை வருஷமா நெஞ்சுக்குள்ள இருந்தது தெரியுமா?"

"எனக்காக இல்ல. அண்ணனை மெக்கானிக்னு சொன்னதுக்காக."



"சொன்னதை எதுக்கு தம்பி வாபஸ் வாங்கினீங்க?" என்று தையல் மெஷினை நிறுத்தாமலே அண்ணி கேட்டாள்.

"பதவி போயிருக்கும் அண்ணி. பதவி போனா, விசாரணையை அப்புறம் யாரு கொண்டுவர்றது?"

அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

அவன் சின்னவள் பக்கம் திரும்பினான். "இன்னொரு விஷயம். என் ஆபீஸ்ல நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேணும். நீ வந்துடு. நான் பேசறது உனக்குத்தான் புரியும். நாம பழைய மாதிரி..."

"உங்களைப் பொய்யன்னு நெனச்சு மறந்துட்டு வந்தேன்" என்றாள் அவள். அவள் அவனிடம் நீளமாகப் பேசியது அதுதான் முதலும் கடைசியும். "பாதி மறந்தாச்சு. இன்னிக்கு வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க. உண்மை தெரிஞ்ச ஆள், சொல்லவும் தெரிஞ்ச ஆள்னு காட்டிட்டீங்க. பொய்யனா மட்டும் இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன். கிளம்புங்க, கார் நிக்குது."

அவன் போன பிறகு அண்ணி கத்தரித்த நூலை ஊதித் தள்ளிவிட்டு, "நல்லா பேசுற நீ. இத்தனை நாள் எங்க வெச்சிருந்த இதை?" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சின்னவளுக்கு அழுகையும் வந்தது. இந்தத் தடவை அவள் குழாயைத் திறக்கவில்லை.

அச்சான அவைக்குறிப்பு வந்த அன்றுதான் பூகம்பம். மாடத்தில் பேசுவதைக் குறிப்பில் சேர்ப்பது வழக்கமில்லை. ஆனால் அமைச்சரின் சொற்களை நீக்கச் சொன்ன பேரவைத் தலைவர் மாடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆக, அச்சில் இப்படி இருந்தது: 'போக்குவரத்து அமைச்சர்: * * * மாடத்திலிருந்து ஒரு பெண்: இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி.' பத்திரிகைகள் அதைப் பெட்டி கட்டிப் போட்டன. நட்சத்திரத்தை எப்படி இன்னொரு தடவை சொல்வது என்று டீக்கடைகளில் கேட்டுச் சிரித்தார்கள்.

பேரவைச் செயலாளர் சின்னவளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். "சொன்னதை எழுதினேன் சார். எடுக்கச் சொன்னதை எடுத்தேன்" என்றாள். விதிப்படி அவள்மேல் குற்றம் காண முடியவில்லை. அதனால் மீன்வளக் குழுவுக்கு மாற்றினார்கள். அங்கே மீன்காரர்கள் வந்து வலையைப் பற்றியும் பனிக்கட்டியைப் பற்றியும் சாட்சி சொல்வார்கள். நிமிஷத்துக்கு அறுபது வார்த்தைகூடத் தேறாது. தண்டனை என்று நினைத்துப் போனவளுக்கு, கெண்டை என்றால் கெண்டையையே குறிக்கும் பேச்சைக் கேட்பது உடம்புக்கு இதமாக இருந்தது.

கண்டக்டரின் கல்யாணம் சிறப்பாக நடந்தது. பத்திரிகை கொடுக்கக் கட்சியிலிருந்து ஆள் வந்தபோது அண்ணி வாங்கிக்கொண்டாள், "எங்களால வர முடியாது தம்பி, ஆனா பத்திரிகை நல்ல கெட்டி அட்டை" என்று சொல்லி. சட்டைக் காலர் வெட்ட அளவு அட்டையாக அது உதவியது. விசாரணை வரவில்லை. அண்ணன் நினைவுநாள் கூட்டமும் அந்த வருஷம் நடக்கவில்லை. தலைவர் வெளியூர்ப் பயணம் என்றார்கள்.

"யாரோ பேசுவாங்கன்னு எட்டு வருஷம் பொம்மை மாதிரி உக்காந்திருந்தேன்" என்றாள் அண்ணி ஒருநாள். "நானே நின்னா என்ன?"

நகரசபைத் தேர்தலில் எட்டாவது வார்டில் சுயேச்சையாக நின்றாள். வாளிச் சின்னம் ஒதுக்கினார்கள். அரசாங்க வேலையில் இருந்த சின்னவள் ஓட்டுக் கேட்கக் கூடாது. அதனால் வீட்டில் உட்கார்ந்து அண்ணியின் பேச்சுகளைச் சரிபார்த்துக் கொடுத்தாள். கொடுத்ததை அண்ணி படிக்கவே இல்லை. வாய்க்கு வந்ததைப் பேசினாள். அண்ணனை எப்படிக் கொன்றார்கள், யார் பார்த்தார்கள், பார்த்தவர் இன்றைக்கு எங்கே இருக்கிறார், எல்லாம் ஒவ்வொரு தெருமுனையிலும் கணீரென்று சொன்னாள். அங்கே நீக்கச் சொல்ல ஆளில்லை. "வாளி எங்ககிட்டயும் இருக்கு அக்கா, தண்ணிதான் இல்ல" என்று பெண்கள் கேலி செய்தார்கள். இரண்டு கட்சியும் தனித்தனியாக அவள்மேல் புகார் கொடுத்தன.

தோற்றாள். மூன்றாவது இடம், நானூற்றுப் பதினொரு ஓட்டு.

"நானூத்திப் பதினோரு பேர்" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். "நமக்குத் தெரிஞ்சவங்க முப்பது பேர்கூட இல்ல. மிச்சம் பேர் யாரு?"

மறுநாள் விடுமுறை. இருவரும் வீடு வீடாக நன்றி சொல்லப் போனார்கள். நாலாவது தெருவில், இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்த ஒரு பெண் வெட்கத்தோடு சொன்னாள்: "தப்பா நெனக்காதீங்கக்கா. வாளி படத்தைப் பாத்து, குழாய்த் தண்ணி விடுற திட்டம்னு நெனச்சுக் குத்திட்டேன்."

அண்ணி ஒரு நொடி அவளைப் பார்த்தாள்.

"பரவாயில்லம்மா" என்றாள். "அடுத்த தடவை தெரிஞ்சே குத்து."

பக்கத்து வீட்டுக் கதவை அதற்குள் சின்னவள் தட்டிவிட்டிருந்தாள்.